‘இதைக் கேளு மச்சான்’: தோற்றமும் வளர்ச்சியும்

பாயிரம்

இசையைப் பற்றி எழுதியோர் பலர். இசையை அடுத்தவன் தலையில் கட்டுவதைப் பற்றி எழுதியோர் இலர். அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு. நல்கை கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. ஆகவே எவர் தலையீடும் இன்றி எழுந்தது என்றும் பெருமையோடு பதிவு செய்யலாம்.

ஆய்வுக்களம், திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் மொட்டைமாடி. முதன்மைச் சான்றுகள்: மூன்று நண்பர்கள், மூச்சிரைக்கும் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று, என் வாட்ஸாப்பில் திறக்கப்படாமல் கிடக்கும் இணைப்புகள். கருதுகோள் இது: புது இண்டி ஆல்பத்தைப் பரிந்துரைப்பவன் ஆல்பத்தைத் தருவதில்லை; தான் அதை முந்திக் கேட்டுவிட்ட செய்தியைத் தருகிறான். முடிவை முதலில் எழுதி வைத்துக்கொண்டு சான்றுக்குப் பிறகு அலைவது நம் ஆய்வுலக மரபு. மரபு மீறப்படவில்லை.

1. சொல்லாய்வு

‘இண்டி’ என்னும் சொல் ‘இண்டு இடுக்கு’ என்பதன் முதற்பாதி. இண்டு இடுக்கில் தேடினால்தான் கிடைக்கும் இசையாதலின் இப்பெயர் பெற்றது என்பார் ஒருவர் (டீக்கடை, வாய்மொழி). உலகத்துச் சொற்களெல்லாம் தம் வீட்டுக் கொல்லையில் முளைத்தவை என்று நூல்நூலாக எழுதுவோருக்கு இக்கொள்கையை இலவசமாக வழங்குகிறேன்.

உண்மை வரலாறு வேறு. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவினர் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்னும் நான்கு பாட்டு இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். பெரிய கம்பெனி எதையும் நம்பாமல் தட்டுப் போட முடியும் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு லேபிள் தொடங்கினார்கள். 1980 ஜனவரியில் பிரிட்டனில் இண்டி, அதாவது சுயேச்சைத் தட்டுகளின், விற்பனைப் பட்டியல் வெளிவரத் தொடங்கியது. அதில் இடம்பெற ஒரே தகுதி, தட்டு பெரிய கம்பெனிகளின் விநியோக வழியில் போகாமல் கடைக்கு வந்திருக்க வேண்டும் என்பது. பாட்டு எப்படி இருந்தாலும் சரி. எந்த வேன் ஏற்றிவந்தது என்பதே கேள்வி. ஆகவேதான் 1988இல் பாப் பாடகி கைலி மினோக்கும், ஊரே ஆடிய டிஸ்கோ மெட்டோடு, அப்பட்டியலில் ஏறி அமர்ந்தார்.

இதற்கிடையே 1986இல் என்.எம்.ஈ. வார இதழ் 22 குழுக்களைத் திரட்டி ‘சி86’ என்றொரு கேசட் வெளியிட்டது. அதில் கலகலத்த கிட்டார் ஓசைக்கே நாளடைவில் இண்டி என்று பெயராயிற்று. வேனைக் குறித்த சொல் கிட்டாரைக் குறிக்கலாயிற்று. இலக்கணத்தார் இதை ஆகுபெயர் என்பர். மற்றவர் குழப்பம் என்பர்.

தமிழ்நாட்டில் சிக்கல் இல்லை: சினிமாவில் வராதது இண்டி. ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் தந்த ‘தெருக்குரல்’ ஆல்பம் இண்டி. அதே அறிவு படத்துக்கு எழுதினால் அன்று.

‘ஆல்டர்நேட்டிவ்’: 1992 ஜனவரியில் நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’, மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தைப் பில்போர்டு முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டது. அதற்குப் பிறகு ‘எதற்கு மாற்று?’ என்று கேட்பது நாகரிகமன்று.

2. கொடுப்போர் இயல்

முந்தியோன்: “அவங்க பேரு வெளியே தெரியறதுக்கு முன்னாடியே நான் கேட்டுட்டேன்” என்பவன். பான் ஈவர் குழுவின் ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’ 2007இல் முதன்முதலாகச் சொந்தச் செலவில் 500 பிரதி போடப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டில், குழுவின் பாடகர் தம் அப்பாவின் வேட்டைக் குடிசையில் குளிர்காலத்தில் தனியாக இருந்து செய்த ஆல்பம். வாய்மொழிச் சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால், அந்த ஐந்நூறில் இருநூறாவது நேரே எங்கள் திருவல்லிக்கேணிப் பைகிராஃப்ட்ஸ் சாலைக்குத்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும்.

குறையோன்: “நல்லாத்தான் இருக்கு, ஆனா முந்தின ஆல்பம் மாதிரி இல்ல.” முதல் ஆல்பத்துக்கும் இதையே சொல்வான்.

ஒப்புமையோன்: ‘ரேடியோஹெட் மாதிரி, ஆனா கொஞ்சம் சோகமா’ என்பவன். ரேடியோஹெட்டைவிடச் சோகம் எங்கே கிடைக்கும் என்பதற்கு விடை இல்லை.

சுட்டியோன்: பேச்சே இல்லை, இணைப்பை மட்டும் அனுப்புவான். முனிவன்.

3. கொள்வோர் இயல்

கொள்வோரை வகைப்படுத்தும் வேலையை 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் முடித்து வைத்துவிட்டார். பாடம் கேட்கும் மாணாக்கரை நன்னூல் எட்டாகப் பிரிக்கிறது. அவர்கள் ஆல்பம் கேட்கும் மாணாக்கருமாவர் என்பது என் கண்டுபிடிப்பு.

அன்னம், பன்னிரண்டு பாட்டில் இரண்டை மட்டும் பிரித்தெடுத்துப் பிளேலிஸ்ட்டில் போட்டுக்கொள்வது. பசு, பிறகு அசைபோடலாம் என்று எல்லாவற்றையும் இறக்கி வைப்பது. அசைபோடும் நாள் வருவதில்லை. கிளி, நீ சொன்ன ஆல்பத்தை அடுத்த மாதம் உனக்கே பரிந்துரைப்பது. இல்லிக்குடம், “பேரு என்ன சொன்னே?” ஆடு, ஒவ்வொரு பாட்டிலும் ஒரு வாய் மேய்ந்து அடுத்த செடிக்குப் போவது. எருமை, ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதன்மேலேயே வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் பற்றிப் பேசுவது. நெய்யரி, நெய்யையெல்லாம் விட்டுவிட்டு ஒன்பதாவது பாட்டில் வரும் அபஸ்வரத்தை மட்டும் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது. இவ்வகையார் பிற்காலத்தில் விமர்சகராவர். மண், உழைப்புக்குத் தக்க விளைச்சல் தருவது. என் மாதிரியில் அகப்படவில்லை.

4. ‘நாலு தடவை’ சிக்கல்

“முதல்ல பிடிக்காதுடா. நாலு தடவை கேளு, அப்புறம் விடமாட்டே.” இண்டி உலகின் மகாவாக்கியம் இது. பாடபேதங்கள் பல. ‘மூணு தடவை’ என்பது டீக்கடைப் பாடம். ‘நாலு’ என்பது மொட்டைமாடிப் பாடம். ‘ராத்திரி, லைட்டை அணைச்சிட்டு, ஹெட்ஃபோன்ல நாலு’ என்பது இடைச்செருகல். அறையில் ஒருவனுக்குச் சம்பளம் ஏறிய பிறகே அது தோன்றியிருக்க முடியும். எண்ணிக்கைக்கு மேல்வரம்பு உண்டா எனின், இல்லை. மை பிளடி வாலண்டைன் குழு 1991இல் ‘லவ்லெஸ்’ வெளியிட்டு, அடுத்த ஆல்பத்தை 2013இல்தான் தந்தது. ரசிகர்கள் அதையே நன்றாகத் திரும்பத் திரும்பக் கேட்கட்டும் என்ற கருணையன்றி இந்த 22 ஆண்டுக்கு வேறு காரணம் கற்பிக்க இடமில்லை.

ஆனால் நாலாம் தடவை பிடித்துப்போவது யார் செயலால்? ஈண்டு ஆய்வுலகம் இரண்டாகப் பிளக்கிறது. சரணாகதி பற்றி வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் நடத்திய வழக்கை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். வடகலையார் காட்டும் குரங்குக்குட்டி (மர்க்கடம்) தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் காட்டும் பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும். தாய் கவ்விக்கொண்டு போகும்.

குரங்குக் கட்சியார் சொல்வது: கேட்பவன் முயல வேண்டும். பாட்டின் வரிகளைப் படிக்க வேண்டும். டிரம்மர் இதற்கு முன் எந்தக் குழுவில் இருந்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். கொட்டாவி விட்டால் பிடி நழுவும். பூனைக் கட்சியார் சொல்வது: ஆல்பம் பாட்டுக்கு ஓடட்டும், நீ பாட்டுக்குத் துணி துவை, கவ்வ வேண்டிய நேரத்தில் அதுவே கவ்வும்.

இருசாராரைப் பற்றியும் சான்று உண்டு. 2006இல் அமெரிக்காவின் பிட்ச்ஃபோர்க் இசைவிமர்சனத் தளம், ஜெட் என்னும் ஆஸ்திரேலியக் குழுவின் ‘ஷைன் ஆன்’ ஆல்பத்துக்கு விமர்சனமாக ஒரு சொல்கூட எழுதவில்லை. ஒரு சிம்பன்சி தன் வாயிலேயே சிறுநீர் கழித்துக்கொள்ளும் வீடியோவைப் போட்டு, 0.0 என்று மதிப்பெண்ணும் போட்டது. குரங்கு எவ்வளவு முயன்றாலும் கிடைப்பது இதுவே என்பது பூனைக் கட்சியார் உரை. தம் பக்கத்துக்கு அவர்கள் மான்செஸ்டரின் ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைக் காட்டுவர். அந்நிறுவனம் இசைத்தட்டுக்கு மட்டுமன்றி, கண்ணில் பட்டதற்கெல்லாம் வரிசை எண் கொடுத்தது. அவர்களுடைய ஹாசியெண்டா கிளப்புக்கு எண் 51. அந்தக் கிளப்பில் திரிந்த பூனைக்கு எண் 191. நிறுவனர்களுள் ஒருவரான டோனி வில்சன் 2007இல் இறந்தபோது அவருடைய சவப்பெட்டிக்கும் 501 என்று எண். குரங்குக்குப் பூச்சியம், பூனைக்கு 191, தீர்ப்பு வெளிப்படை.

அற்றன்று. சிம்பன்சிக்கு வால் இல்லை. எனவே அது மர்க்கடமாகாது. சான்று தள்ளுபடி (மொட்டைமாடி உரையாடல், தண்ணீர்த்தொட்டிப் படலம், இரண்டாம் அமர்வு, கரண்ட் போன பின்). இதற்கு மறுப்பு: குட்டி பற்றுவது தாயின் வயிற்றை; வால் இவ்வழக்குக்குப் புறம்பு (மேற்படி, மூன்றாம் அமர்வு, வாட்ஸாப் குரல்பதிவு; முதல் இரண்டு நிமிடம் கொசுவத்தி தேடும் ஓசை மட்டும். அவ்வோசையே தனி ஆல்பம் என்பாரும் உளர்). மறுப்புக்கு மறுப்பு: வயிறும் புறம்பு, பசிக்கிறது (மேற்படி, திருத்திய பதிப்பு, பரோட்டாக் கடை, எண்ணெய் பட்டதால் எஞ்சிய பகுதி சிதைந்துள்ளது).

அன்றிரவு இருகட்சியாரும் வாதிட்டுக்கொண்டிருக்கையில், எதை வைத்து வாதம் தொடங்கியதோ அந்த ஆல்பம் ஸ்பீக்கரில் முழுதுமாக ஓடி முடிந்திருந்தது. அது ஒரு தடவைக் கணக்கில் சேருமா என்பது அடுத்த ஆய்வாளர்க்கு விடப்படுகிறது.

5. தசமப் புள்ளி

பிட்ச்ஃபோர்க் 0.0 முதல் 10.0 வரை மதிப்பெண் இடும். ஆக 101 படிகள். 7.8 வாங்கிய ஆல்பத்துக்கும் 7.9 வாங்கியதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் காதால் உணர்ந்தவரைத் தேடினேன். பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் திருத்துவோரைக் கேள் என்றார்கள்.

6. மேற்கோள் ஒழுக்கம்

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் 1967 ஆல்பம் முதல் ஐந்தாண்டில் 30,000 பிரதியே விற்றதாக அக்குழுவின் லூ ரீட் தம்மிடம் கூறினார் என்று, 1982இல் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ ஒரு பேட்டியில் கூறினார். வாங்கிய ஒவ்வொருவரும் ஒரு இசைக்குழு தொடங்கியிருப்பார் என்ற கருத்தையும் சேர்த்துக்கொண்டார். அந்த முப்பதாயிரம் வாய்க்கு வாய் பத்தாயிரமாயிற்று; பிறகு ஆயிரமாயிற்று. எண்ணிக்கை குறையக் குறைய ஆல்பத்தின் பெருமை ஏறியது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கேட்டு மூன்றாமவர் எழுதியதை, மூலத்தைப் பார்த்ததுபோல் எடுத்தாள்வது இண்டி ரசிகர்களின் கெட்ட பழக்கம். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் இதற்கு ‘முன்னாய்வுகள்’ என்று ஒரு தனி இயலே உண்டு.

7. விலக்கப்பட்ட தரவு

நேர்மை கருதி ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சிண்டி லீ என்ற பெயரில் பாடும் கனடாக்காரர் 2024இல் ‘டயமண்ட் ஜூபிலி’ என்றோர் ஆல்பம் வெளியிட்டார். 32 பாட்டு, இரண்டு மணி நேரம். ஸ்பாட்டிஃபையில் விடவில்லை. பழைய ஜியோசிட்டீஸ் கோலத்தில் ஒரு பக்கத்தில் கோப்பாகப் போட்டு வைத்தார். யூடியூபில் ஒரே நீளமாக ஓடவிட்டார். பிட்ச்ஃபோர்க் 9.1 தந்தது. கையால் கொடுத்துக் கையால் வாங்க வேண்டிய ஆல்பம், ஆய்வாளனுக்கு வரப்பிரசாதம்.

மூன்றாம் நண்பன் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவன். இண்டி என்றால் என்னவென்று கேட்டதில்லை. ஒருநாள் இரவு கடையடைத்துவிட்டு மாடிக்கு வந்தான். விரல்களில் டோனர் கறுப்பு. ஸ்பீக்கருக்கு சார்ஜ் இல்லை. அந்த ஆல்பம் ஓடிய என் வயர் இயர்ஃபோனின் ஒரு பக்கத்தைப் பேசாமல் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டியில் சாய்ந்தான். இது யார், எந்த ஊர், எத்தனை மதிப்பெண், எப்போதே நான் கேட்டுவிட்டேன் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி நிறுத்தினான்.

வயர் குட்டை. அவன் எழாததால் நானும் எழ முடியவில்லை. மெஸ் மூடும் நேரம் போயிற்று. கீழே கடைசி பஸ்ஸும் போயிற்று. முப்பத்திரண்டாவது பாட்டு முடிந்ததும், “முதல்லேர்ந்து போடு” என்றான். பேரைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இத்தரவு கருதுகோளுக்கு ஒத்துவரவில்லை. ஒத்துவராத தரவை நீக்குவதே முறை, நீக்கப்பட்டது. கருதுகோள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.