பிள்ளைகளின் பேரில் ஒரு சென்னைப் பயணம்

கள்ளக்குறிச்சியிலிருந்து குடும்பத்தோடு சென்னை சென்று வருவது, சாலைக் கணக்கில் ஏறத்தாழ 240 கி.மீ. தொலைவும் ஐந்தாறு மணி நேரமும் கொண்ட சிறிய காரியம். திட்டக் கணக்கிலோ, காலாண்டு விடுமுறையில் பேச்செடுத்து, அரையாண்டு விடுமுறையில் சண்டையாகி, முழு ஆண்டு விடுமுறையில் ஒருவாறு பயணமாக முடியும் பெருங்காரியம். இங்கே ஆராயப்படுவது இந்த இரண்டாவது கணக்கு. திட்டம் என்பது, பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழ் ‘பிள்ளைகளுக்காக’ என்று தலைப்பிட்டு, எழுதியும் அடித்தும் திரும்ப எழுதியும் உருவாகும் பட்டியலைக் குறிக்கும்.

தலைப்பே ஆய்வுக்குரியது. ‘பிள்ளைகளுக்காக’ என்பதில் நிற்பது நான்காம் வேற்றுமை. அவ்வேற்றுமைக்கு நன்னூலார் சொல்லும் பொருள்களுள் கொடையும் உண்டு, பொருட்டு என்பதும் உண்டு, பகையும் உண்டு. இவற்றுள் எதை இங்கே கொள்வது என்பது பட்டியலைக் கீழ்நோக்கிப் படிக்கப் படிக்க ஐயத்துக்கு இடமாகிறது. மாம்பலத்தில் புதுவீடு குடிபோன சித்தப்பாவுக்கு முறை செய்வது, கண்புரைச் சிகிச்சை செய்துகொண்ட பெரிய அத்தையைப் பார்ப்பது, ஆவணியில் வரவிருக்கும் கல்யாணத்துக்குத் தியாகராய நகரில் பட்டெடுப்பது, அப்படியே தாத்தாவின் முட்டிவலிக்கு யாரோ சொன்ன டாக்டரிடம் காட்டுவது என்று பக்கம் நிறைந்த பிறகு, ஓரத்தில், இடம் போதாமல் செங்குத்தாக எழுதப்பட்டிருப்பது ‘பீச்’.

அடுத்தது நாள் குறிப்பது. இதில் அதிகாரம் முழுவதும் ஆயாவுக்கு உரியது. ஆயா என்பது இவ்வட்டாரத்தில் பாட்டியைக் குறிக்கும் சொல். இன்ன கிழமையில் இன்ன திசை நோக்கிப் பயணம் ஆகாது என்று பஞ்சாங்கம் விலக்குவதைச் சூலம் என்பர்: திங்களும் சனியும் கிழக்கே சூலம், செவ்வாயும் புதனும் வடக்கே, வியாழன் தெற்கே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. சென்னையோ கள்ளக்குறிச்சிக்கு நேர்கிழக்கும் அன்று, நேர்வடக்கும் அன்று, வடகிழக்கு. எனவே இரண்டு சூலமும் அதற்கு உண்டு என்று ஆயா தீர்ப்பளித்தால் திங்கள், செவ்வாய், புதன், சனி ஆகிய நான்கும் அடிபட்டு, வியாழன், வெள்ளி, ஞாயிறு என மூன்றே கிழமைகள் மிஞ்சும். திரும்பும் திசை தென்மேற்கு ஆகையால், மிஞ்சிய அந்த மூன்று கிழமைகளும் திரும்புவதற்கு ஆகாதவை. அடிபட்ட நான்குமே திரும்புவதற்கு உகந்தவை. போகத் தக்க நாளில் திரும்பத் தகாது, திரும்பத் தக்க நாளில் போகத் தகாது. ஆகவே ஒரே நாளில் போய்த் திரும்புவது ஏழு கிழமையிலும் இயலாது. மாம்பலத்துச் சித்தப்பா வீட்டில் ஓர் இரவாவது தங்கியே ஆக வேண்டும் என்பது இவ்வாறு பஞ்சாங்கத்தைக் கொண்டே நிறுவப்படுகிறது. ஆயா தொடக்கத்திலிருந்து சொல்லிவந்ததும் அதுதான்.

பிள்ளைகளின் தந்தை கைப்பேசியில் பார்த்துச் சொல்லும் செய்தி, நகரத்துக்கும் தனிச் சூலம் உண்டு என்பது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, மெரினாக் கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள் விடுமுறை. பஞ்சாங்கச் சூலத்துக்காவது பரிகாரம் இருக்கிறது. கிழக்கே போகத் தயிரும் வடக்கே போகப் பாலும் தெற்கே போக எண்ணெயும் மேற்கே போக வெல்லமும் வழி காட்டும். பூட்டிய வாயிற்கதவு தயிருக்கு இளகுவதில்லை. நீண்ட விவாதத்துக்குப் பின் ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்புவது என்று முடிவாகிறது. ஞாயிறு குற்றமற்ற நாள்தான். ஆனாலும் வடகிழக்குப் பயணம் என்பதால் எதற்கும் இருக்கட்டும் என்று, புறப்படும் விடியற்காலையில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாலும் தயிரும் ஒருசேரப் புகட்டப்படுகின்றன. இப்பரிகாரத்தின் பலன் உளுந்தூர்பேட்டைக்குச் சற்று முன்னதாக ஜன்னலோர இருக்கையில் வெளிப்படும். இதற்கென்றே கைப்பையின் மேலறையில் எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையும் வைக்கும் வழக்கம் இருப்பதை நோக்க, முன்னோர் காரணத்தை அறியாவிடினும் விளைவை நன்கு அறிந்திருந்தனர் எனலாம்.

ரயிலிலும் போகலாம். ஆனால் கள்ளக்குறிச்சிக்காரர் ரயிலேற முதலில் எதிர்த்திசையில் சின்னசேலம் போக வேண்டும். அங்கே நிற்கும் சேலம்–எழும்பூர் இரவு வண்டி விடிவதற்குள் நகரத்தில் இறக்கிவிடும், அந்நேரத்தில் எந்த உறவினர் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. சின்னசேலத்திலிருந்து ஊருக்கு ஏறத்தாழ 16 கி.மீ. புதிய இருப்புப்பாதை என்பது நெடுங்காலம் பேச்சாகவே இருந்து, பின்னர் மண்வேலையாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய ஒன்று. அதைத் திட்டத்தில் சேர்க்கலாமா என்று கேட்கப்பட்டபோதெல்லாம் தாத்தா சிரிப்பை மட்டுமே பதிலாகத் தந்திருக்கிறார்.

பயணத்தின் பொருளாதாரம் பிள்ளைகளின் வயதைப் பொறுத்தது. வயதோ பயணத்தைப் பொறுத்தது. ‘அரை டிக்கெட்’ என்பது பாதிக் கட்டணத்தில் பயணம் செய்யத் தக்க பிள்ளையையும், அப்பிள்ளைக்குரிய சீட்டையும் ஒருங்கே குறிக்கும். அரசுப் பேருந்தில் மூன்று வயது வரை இருந்த இலவசம் 2022-இல் ஐந்து வயது வரை நீட்டிக்கப்பட்டது. அதன் மேல் பன்னிரண்டு வரை அரை. ரயிலிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பதினொன்று வரை, தனிப் படுக்கை கேட்காதவரை அரை, கேட்டால் முழுக் கட்டணம் என்பது 2016 ஏப்ரல் முதல் உள்ள விதி. மெட்ரோ ரயில் வயதையே நம்புவதில்லை, 90 செ.மீ. உயரத்துக்குக் கீழ் இருந்தால்தான் இலவசம் என்று அளந்துவிடுகிறது. பள்ளியில் சேர்க்கும்போது கூடவும் பேருந்தில் ஏறும்போது குறையவும் வல்ல வயது, மெட்ரோ வாயிலில் மட்டும் உண்மையாகிறது. ஆறேகால் வயதுப் பையனுக்கு “யாராவது கேட்டா நாலுன்னு சொல்லு” என்று இரண்டு நாள் பாடம் நடத்தி அழைத்துச் சென்ற ஒரு குடும்பத்தில், நடத்துநர் பையனிடம் வயதைக் கேட்கவே இல்லை, “எந்தக் கிளாஸ்ப்பா படிக்கிற?” என்று கேட்டார். பையன் பெருமையாக “ரெண்டாங்கிளாஸ்” என்றான். “நாலு வயசுலயே ரெண்டாங்கிளாஸா? பெரிய ஆளா வருவான், நல்லாப் படிக்க வைங்க சார்” என்று வாழ்த்தி, அவர் அரைச் சீட்டை நீட்டினார். அன்று பையனின் முதுகில் விழுந்த அடி எந்த வேற்றுமையில் சேரும் என்பதை இலக்கண ஆசிரியர்கள் முடிவு செய்யட்டும்.

கல்வராயன் மலைக் குடும்பங்களின் திட்டம் வேறு வகையது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இம்மலை, மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் ஊர். இங்கே மலையாளி என்பது மலையை ஆள்பவர் என்ற பொருளில் வருவது, கேரளத்தாரைக் குறிப்பதன்று. 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. மலையைவிட்டுக் கீழே இறங்குவதே ஒரு பயணமாக எண்ணப்பட்ட காலத்தைக் கண்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளிமலையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சியை அடையும் குடும்பம், திட்டத்தைக் கடைசியிலிருந்து எழுதத் தொடங்குகிறது. மலைக்குத் திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பது முதல் வரி. அதைப் பிடிக்கச் சென்னையில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்பது இரண்டாம் வரி. மூன்றாம் வரி பெரும்பாலும் இருப்பதில்லை. இவ்வளவு செறிவான திட்டம் சமவெளியில் எழுதப்பட்டதாகச் சான்று இல்லை.

மலைக்கும் சமவெளிக்கும் பொதுவானது மூட்டை. உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது தகாது என்பதால் அரிசி ஒரு சிப்பம், மலைத்தேன் ஒரு புட்டி, பருவம் வாய்த்தால் பலாப்பழம் ஒன்று, எப்போதும் மரவள்ளிக் கிழங்கு. மெட்ரோ நிலையத்தில் பைகளைக் கருவிக்குள் விட்டுச் சோதிப்பார்கள். ஒரு முறை திரையில் நீள நீளமாக, நுனி கூர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பத்துப் பன்னிரண்டு உருவங்களைக் கண்ட காவல் பெண்மணி பட்டையை நிறுத்தி, பையைத் திறக்கச் சொன்னார். அம்மா சாக்குச் சரட்டை அவிழ்த்தார். செம்மண் உதிர்ந்து மேசையில் பரவியது. ஒரு கிழங்கின் கழுத்தில் இன்னும் ஈரவேர் ஒட்டியிருந்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, அந்தப் பெண்மணி கிழங்கைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, தணிந்த குரலில், “இது மாவா வேகுமாக்கா, இல்ல நாராப் போயிடுமா?” என்று கேட்டார். சோதனை இரண்டு கிழங்கு குறைவாக முடிந்தது. அதற்குள் பிள்ளைகள் நகரும் படிக்கட்டில் நான்கு முறை ஏறி, பக்கத்துப் படிக்கட்டில் நான்கு முறை இறங்கியிருந்தார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதற்கு ஒரு வரியும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

சென்னை எங்கே தொடங்குகிறது என்பதிலும் கருத்தொற்றுமை இல்லை. தாத்தாவுக்குச் சென்னை என்றால் பாரிமுனையில் இறங்குவது. தந்தைக்கு 2002-இல் திறந்த கோயம்பேடு. பிள்ளைகளுக்கு 2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கம். ஒவ்வொரு தலைமுறைக்கும் பேருந்து சற்று முன்னதாகவே நின்றுவிடுவதைக் கண்ட தாத்தா, இந்தப் போக்கில் கொள்ளுப்பேரன் காலத்தில் சென்னை உளுந்தூர்பேட்டையிலேயே வந்துவிடும் என்று கணித்திருக்கிறார். முன்னாளில் பட்டணம் பார்க்க வந்த நாட்டுப்புறத்தார் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் வழங்கினர். பாடம் செய்த உடல்கள் இருப்பது முன்னது, மூச்சுள்ளவை இருப்பது பின்னது. 1851-இல் தொடங்கிய அருங்காட்சியக வளாகத்தில் 1855-இல் விலங்குகளும் குடிவந்தன. பிறகு அவை பார்க் டவுனுக்கு மாறி, 1985-இல் வண்டலூர் போய்ச் சேர்ந்தன. பேருந்து நிலையமும் உயிர் காலேஜைத் தேடிக்கொண்டு போனதுபோல அதன் அருகிலேயே இப்போது அமர்ந்திருக்கிறது.

ஆகவே முறைப்படி பார்த்தால் இறங்கியதும் விலங்குகளைக் காண வேண்டும். ஆனால் அரிசிச் சிப்பத்தோடு புலியைப் பார்க்கப் போக முடியாது. மூட்டையை மாம்பலத்தில் இறக்கிவிட்டு வரலாம் என்று போனவர்களுக்குச் சித்தி சோறு போடுகிறார். சோறு உறக்கத்தைத் தருகிறது. திங்கட்கிழமை பட்டுக்கடை விழுங்கிவிடுகிறது. மாலை கடற்கரையில் இருட்டும் தறுவாயில் இருபது நிமிடம், சுண்டலோடு. செவ்வாய்க்கிழமை மாநகரப் பேருந்து வண்டலூரைக் கடக்கையில் தந்தை ஜன்னல் வழியே வாயிலைக் காட்டி, “அதோ பாரு, அதுதான் ஜூ. இன்னைக்கு லீவு” என்கிறார். விடுமுறை நாள் முன்கூட்டியே தெரிந்திருந்த செய்தி என்பதைப் பிள்ளைகள் நினைவுபடுத்துவதில்லை. வயதைப் பற்றிய பழைய பாடம் அவர்களுக்கு நினைவிருக்கிறது.

அடுத்த ஆண்டு மாம்பலத்திலும் ஒரு நோட்டு திறக்கப்படுகிறது. கோடை விழாச் சமயத்தில் கல்வராயன் மலைக்கு வருவதாகச் சித்தப்பா தொலைபேசியில் சொல்கிறார். பட்டியலில் குலதெய்வக் கோயில், நிலத்துக்குப் பட்டா பார்ப்பது, கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தில் ஒரு பிள்ளையார் வாங்குவது, மீதி நேரத்தில் அருவி. “எல்லாம் பிள்ளைங்களுக்காகத்தான். மேகம் அருவியில இப்போ தண்ணி இருக்கா?” என்று கேட்கிறார். “ஜோரா கொட்டுது சித்தப்பா, கண்கொள்ளாக் காட்சி” என்று இங்கிருந்து உறுதியான குரலில் பதில் போகிறது. இணைப்பைத் துண்டித்த கையோடு, வெள்ளிமலையில் உள்ள நண்பரை அழைத்து, அருவிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தந்தை விசாரிப்பதைப் பிள்ளைகள் இருவரும் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.