வீட்டுக் கமராவின் கடவுச்சொல்

கேள்வி: வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில் காவலுக்காகப் பொருத்தப்படும் இணையக் கமரா, அவ்வீட்டாரையே வேவு பார்க்கக்கூடுமா?

பதில்: கூடும், கடவுச்சொல்லை மாற்றாத கமரா, கள்வனைக் காட்டுவதற்கு முன் வீட்டைக் கள்வனுக்குக் காட்டிவிடும். 2016இல் பரவிய ‘மிராய்’ என்னும் தீநிரல், அதாவது சாதனங்களைக் களவாகக் கைப்பற்றும் மென்பொருள், தொழிற்சாலையிலேயே இடப்பட்ட ‘அட்மின்’ போன்ற 60இற்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் சோடிகளை முயன்று பார்த்தே இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு ஒக்டோபர் 21 அன்று ட்விட்டர் முதலிய தளங்கள் தடுமாறச் செய்யப்பட்டன. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனியாள் ஒருவர் முற்றிலும் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்கு ஏற்புடையதன்று. ஆகவே, பொருத்தும் நாளிலேயே கடவுச்சொல்லை மாற்றுவதும், கமராவைப் படுக்கையறைக்குள் அனுமதியாதிருப்பதும் வீட்டாரின் கடமையாகும்.