ஐம்பது பாதிப் படங்கள்

அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ ராஜகோபுரத்தில்தான் தொடங்கும். அது 1993. கோபுரத்தின் 13 நிலைகளும் எழும்பி, 1987 மார்ச் 25இல் கும்பாபிஷேகம் கண்டு ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் யார் வீட்டு விசேஷத்துக்குக் கேமரா வந்தாலும் முதல் மரியாதை அதற்குத்தான். உச்சிக் கலசங்களிலிருந்து ஒவ்வொரு நிலையாக இறங்கி, அம்மா மண்டபம் சாலையில் காவிரித் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கோபுரத்தை நோக்கி நடக்கும் அப்பாவின் முதுகில் வந்து நிற்கும்.

அந்தக் காட்சியை நாங்கள் ஒழுங்காகப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது. 2005இல் கேசட்டைத் திருச்சியில் ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றினோம். அன்றிலிருந்து கோபுரம் நடுங்கிக்கொண்டே இறங்கியது. அப்பா ஓர் அடி முன்னால் வைத்தால் அரை அடி பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தார். அப்போது அவர் இருந்தார். பார்த்துவிட்டு, "என் கால் தரையிலேயே பாவலையேடா" என்றார். ப்ளேயர் சரியில்லை என்று லென்ஸைத் துடைத்தோம். வேறு ப்ளேயர் வாங்கினோம். அப்புறம் டிவிடி தட்டு பீரோவுக்குள் போய்விட்டது. கேசட்டில் பூஞ்சை பிடித்து, அதையும் எடுத்துப் போட்டாயிற்று.

வீடியோ டெக் காலத்தில் வளர்ந்தவன் நான். தெருவில் நாலு வீடு சேர்ந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தால் ராத்திரிக்கு மூன்று படம். நடுவில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பூத்துவிட்டால் டெக்கோடு வந்த பையன் மூடியைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் தாளை ஹெட்மேல் வைத்து உருளையை மெதுவாகச் சுற்றுவான். கோடு ஓடினால் டிராக்கிங் திருகைத் திருப்புவான். வியாதி எங்கே என்று கண்ணுக்குத் தெரியும், மருந்தும் கைக்கு எட்டும். அவன் துடைத்த அந்த உருளை நொடிக்கு 25 சுற்றுச் சுற்றுகிறது, எதிரெதிரே இரண்டு ஹெட், ஒவ்வொன்றும் படத்தில் பாதியைத்தான் படிக்கிறது என்பதெல்லாம் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும், எங்கள் வீட்டுத் தட்டின் நோய்க்கும் அதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை.

நம் ஊருக்கு இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி இங்கேதான் காட்ட ஆரம்பித்தார். பிறகு கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். அந்தக் காலத்துக் கருவிகளைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவர் கை தளர்ந்தால் திரையில் ஆட்கள் ஊர்வார்கள், வேகம் பிடித்தால் ஓடுவார்கள். நொடிக்கு எத்தனை படம் என்பது ஒரு மனிதரின் தோள்பட்டையில் இருந்தது.

இன்றைக்கும் அந்தக் கை நம் பாக்கெட்டில் இருக்கிறது. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும் விடியற்காலையில் என் தங்கை பெண் செல்போனில் எடுத்தாள். கூட்டம் தெறித்துத் தெறித்து நகர்ந்தது. "மாமா, இதைச் சரிபண்ணிக் கொடுங்களேன்" என்றாள். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் போட்டுப் பார்த்தேன். படவேகம் மாறிக்கொண்டே இருந்தது. இருட்டில் வெளிச்சம் போதாமல் ஒவ்வொரு படத்துக்கும் செல்போன் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் நொடிக்கு 30 எடுக்க வேண்டியது பாதியாகக்கூடக் குறைந்துவிடும். எடுக்காத படத்தை நான் எங்கேயிருந்து கொண்டுவருவது? சீரான வேகத்துக்கு மாற்றிக் கொடுத்தேன், எடிட் பண்ணும்போது சத்தம் விலகாது. தெறிப்பு போகவில்லை. அவளுக்கு ஏமாற்றம்தான்.

போன தை மாசம் அம்மா கேட்டாள்: "ஏண்டா, ஊர்ல இருக்கிறவா வீடியோவெல்லாம் பாக்கறே. உங்கப்பாவை ஒரு தடவை நேரா நடக்க வைக்க முடியாதா?" அம்மாவுக்கு 84 வயது. அன்று ராத்திரியே உட்கார்ந்தேன்.

முதலில் தட்டில் இருந்ததை அப்படியே ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தேன். கீறல் விழுந்த தட்டும் மெதுவான பென் டிரைவும் படத்தை நிறுத்தி நிறுத்தித்தான் தரும். பலரும் கோப்பின்மேல் போடும் பழி பல நேரம் இவற்றுடையது. நகலிலும் நடுக்கம் இருந்தது. கணினி திணறுகிறதா என்று பார்த்தேன். புது செல்போனில் எடுத்த 4கே ஹெச்இவிசி வீடியோவைப் பழைய மடிக்கணினியில் போட்டால் அது மூச்சு வாங்கும், கோப்பில் ஒரு குறையும் இருக்காது. இது பழைய எம்பெக்-2, 576 வரிப் படம். ப்ராசசர் சும்மா உட்கார்ந்திருந்தது. விஎல்சி ப்ளேயரின் புள்ளிவிவரத்தில் தவறவிட்ட படங்கள் பூஜ்யம்.

பிறகு நான் கேட்டது ஒரே கேள்வி: எங்கே தடுமாறுகிறது? ஒவ்வொரு தடவையும் ஒரே நிமிஷத்தில் என்றால் கோப்பில் அந்த இடத்தில் காயம். தடவைக்கு ஓர் இடம் என்றால் ஓட்டுகிற இயந்திரத்தில் குறை. இங்கே இரண்டும் இல்லை. ஹோமத்தின் முன் அப்பாவும் அம்மாவும் அசையாமல் உட்கார்ந்திருந்த பத்து நிமிஷம் துல்லியமாக இருந்தது. அப்பா கையை நீட்டி நெய் விட்டபோது கை மட்டும் துடித்தது. அசையாத கோபுரம் நடுங்கியதற்குக் காரணம் கேமரா இறங்கியதுதான். அசைவு இருக்கும் இடத்திலெல்லாம் நோய், அசைவு இல்லாத இடத்தில் சுகம்.

விஎல்சியில், வரிகளைப் பிரித்துக் காட்டும் டீஇன்டர்லேஸ் என்ற வசதியை அணைத்தேன். உடனே அப்பாவின் தோள் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வந்தன. ஆனால் முன்னும் பின்னும் போவது நின்றது! டெக் உருளையின் இரண்டு ஹெட்டும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. நம் நாட்டு டிவியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 முழுப் படம் என்பது உண்மையில் 50 பாதிப் படங்கள். மேல் பாதி எனப்படுவதில் ஒன்றுவிட்டு ஒரு வரி, கீழ்ப் பாதி எனப்படுவதில் மிச்ச வரிகள். இரண்டுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு பங்கு நொடி கழிந்திருக்கும். எந்தப் பாதி முதலில் என்பதைக் கோப்பு தன் நெற்றியில் எழுதி வைத்திருக்கும். கடையில் கேசட்டைக் கணினிக்கு ஏற்றிய டிஜிட்டல் வீடியோ (DV) முறையில் கீழ்ப் பாதி முதலில் வரும். டிவிடி செய்தபோது மேல் பாதி முதலில் என்று குறித்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு ஜோடியிலும் பின்னால் நடந்தது முன்னாலும், முன்னால் நடந்தது பின்னாலும் ஓடியது. இரண்டு அடி முன்னே, ஓர் அடி பின்னே. அத்தனை வருஷமும் அப்படி.

படம் ஒன்றுகூடத் தொலையவில்லை என்று புரிந்த நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை பெண்ணின் வீடியோவில் இல்லாதது இதில் இருந்தது. 50 பாதிகளும், ஒவ்வொரு நொடிக்கும்.

எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ஒரே வரிக் கட்டளை. மேல் என்றிருந்ததைக் கீழ் என்று கொள்ளச் சொன்னேன். ஒவ்வொரு பாதியையும் முழுப் படமாக விரித்து நொடிக்கு 50 ஆக எழுதச் சொன்னேன். அசல் நகலைத் தொடவில்லை. இந்த வேலையில் இறங்கும் எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது அது ஒன்றுதான்: எவ்வளவு கெட்டுப்போன கோப்பானாலும் முதல் நகலை அழிக்காதீர்கள். சரிபண்ணுகிறேன் என்று மாற்றி மாற்றி எழுதிய கோப்பில் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்க வழியில்லை. அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

காலையில் அம்மாவை டிவி முன்னால் உட்கார வைத்தேன். கோபுரம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அப்பா குடத்தோடு நடந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. "திரும்பப் போடு" என்றாள். போட்டேன். மூன்றாவது தடவை எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இடது காலை லேசாத் தாங்கறார் பாரு" என்றாள். "காவிரிப் பாலத்துல சைக்கிள்லேர்ந்து விழுந்தாரே, அந்தக் கால்."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. நானும் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வலது கால் அழுத்தமாக, இடது கால் ஒரு விரற்கடை தாமதமாக, குடம் தளும்பாமல், அப்பா தெற்கு வாசல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.