பிஷப்புக்குப் பயந்தவர்களின் பேரன்கள்

பியூரிட்டன்களின் பங்காளிகளைப் பார்க்க அமெரிக்காவுக்கு டிக்கெட் போட வேண்டாம். திருவனந்தபுரம் பாளையத்துக்குப் பக்கத்தில் எல்.எம்.எஸ் ஜங்ஷனில் இறங்கினால் போதும். லண்டன் மிஷனரி சொசைட்டி 1795-இல் தொடங்கியது. அதில் பெரும்பாலானவர்கள் காங்கிரிகேஷனல் சபைக்காரர்கள், அதாவது இங்கிலாந்தை விட்டு மாசசூசெட்ஸ் போன அந்தக் கடுகடுத்த பியூரிட்டன் கூட்டத்தின் வாரிசுகள்.

அந்த முன்னோர்களுக்கு இரண்டு விஷயம் ஆகாது: பிஷப், கிறிஸ்துமஸ். பிஷப் தொல்லை தாங்காமல்தான் கடல் தாண்டினார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று மாசசூசெட்ஸில் 1659-இல் சட்டமே போட்டார்கள். வேதத்தில் தேதி இல்லையே என்பது அவர்கள் கட்சி. இங்கே என்ன ஆயிற்று? 1947 செப்டம்பர் 27-இல் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது, பிஷப் வந்தார். எல்.எம்.எஸ் வளாகமே இன்று தென் கேரளப் பேராயத்தின் தலைமையிடம். டிசம்பரில் நட்சத்திரமும் கேக்கும் கேட்கவே வேண்டாம்.

சரி, தாத்தா சொத்தில் மிச்சம் என்ன? வெட்கம். உடம்பை மூடு என்கிற அந்தப் பழைய நச்சரிப்பு, நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்றிருந்த திருவிதாங்கூரில் வந்து இறங்கியதும் புரட்சியாகிவிட்டது. பாதிரிகளின் மனைவிமார் கற்றுக்கொடுத்த குப்பாயம் என்ற மேல்சட்டைக்காக அடிதடி, தேவாலய எரிப்பு, பள்ளிக்கூட எரிப்பு எல்லாம் நடந்தன. கடைசியில் 1859 ஜூலை 26-இல் மகாராஜா உத்தரவு போட்டார்: மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் மாதிரி மூடக் கூடாது. அரசாங்கம் தையல்கடை நடத்திய அபூர்வக் காலம் அது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்ற கண்டிப்பும் அப்படித்தான். ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் மாடாய் உழைத்தவர்களுக்கு அதனால் ஒரு நாளாவது முதுகு நிமிர்ந்தது. உபதேசம் புரிந்ததோ இல்லையோ, விடுமுறை நன்றாகப் புரிந்திருக்கும்.

ஆனால் சாதி என்று வந்தால் பரிசுத்தவான்களுக்கும் வியர்த்தது. 1818 முதல் நாகர்கோவிலில் மிஷனை வளர்த்த சார்லஸ் மீட், வயதான காலத்தில் பறையர் சமூகத்துக் கிறிஸ்தவப் பெண்ணை மூன்றாம் தாரமாகக் கட்டினார். சமத்துவம் பேசிய சக வெள்ளைக்காரப் பாதிரிகளுக்கே அது தொண்டையில் இறங்கவில்லை. மீட் மிஷனைவிட்டு வெளியேறினார். தர்மராஜ்யம் என்று பீற்றிக்கொண்ட திருவிதாங்கூர் சர்க்கார்தான் 1855-இல் அவரைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடங்களின் சூப்பரிண்டெண்டாக உட்கார வைத்தது.