தயிர் பார்த்துக்கொள்ளும்

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று போட்டிருந்தது. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். படித்த காலத்தில் முதல் கிரேடைக் கண்ணால் பார்க்காதவன் வேறென்ன செய்வான்?

"குடிப்பீங்களா சார்?" என்றார் டாக்டரம்மா. "தொட்டதே இல்லை மேடம்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். நிமிர்ந்தது தொப்பைதான். குடிக்காதவருக்கும் வரும், கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு ஏறினாலே இந்தப் பட்டம்தான் என்று சொல்லிவிட்டு, "எடையில ஏழுலேர்ந்து பத்து சதவீதம் குறைங்க. தினம் நடங்க" என்றார். ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று ராத்திரி போனில் தேடினேன். நீங்களும் தேடியிருப்பீர்கள், வெட்கப்படாதீர்கள். கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு, குடல் பக்கத்திலிருந்து போர்ட்டல் நாளம் வழியாக வருகிறதாம். குடல் சுவர் பலவீனமானால் பாக்டீரியாவின் கழிவுகள் அந்த ரத்தத்தில் கசிந்து கல்லீரலைக் கடுப்பேற்றும். நல்ல பாக்டீரியாவைக் குடலுக்கு அனுப்பினால் கசிவு குறையலாம், அதுதான் ப்ரோபயாட்டிக். வேலை அவர்களுடையது, பலன் என்னுடையது. இப்படி ஒரு ஏற்பாட்டுக்காகத்தான் பிறந்ததிலிருந்து காத்திருக்கிறேன்.

மறுநாளே வீட்டில் அறிவித்தேன்: "இனிமே நமக்குத் தயிர்தான் மருந்து. மெச்னிகாஃப்னு ஒரு விஞ்ஞானி, 1908ல நோபல் வாங்கினவரு, புளிச்ச பால் குடிச்சா ஆயுசு கூடும்னு தினமும் குடிச்சாராம்."

"எத்தனை வயசு வரைக்கும் இருந்தாரு?" என்றாள் மனைவி.

"எழுபத்தொண்ணு."

"எங்க அம்மாச்சி தொண்ணூத்திரண்டு. தயிர்னாலே ஓடும்."

மருத்துவம் மோர்க்குழம்பில் தொடங்கியது. வெண்டைக்காய் போட்டு, அப்பளத்தோடு, கல்லீரலுக்காக இரண்டாவது தடவையும் சோறு வாங்கினேன். மைக்ரோபயாலஜி படிக்கும் மகள் தட்டை எட்டிப் பார்த்தாள். "அடுப்புல ஏத்தினா பாக்டீரியா செத்துடும்பா." நுரை கட்டியதுமே இறக்கிவிட்டார்களே என்று வாதாடினேன். "அந்தச் சூடே போதும்." ஆக, நான் சாப்பிட்டது அவர்களுடைய கருமாதிச் சாப்பாடு.

அடுத்து கடையில் விற்கும் குட்டி பாட்டில் பானம். இனிப்பாக, நன்றாகவே இருந்தது. லேபிளில் சர்க்கரை அளவைப் படித்ததும்தான் ஏன் நன்றாக இருந்தது என்று விளங்கியது.

கடைசியில் காப்ஸ்யூல். பாட்டிலில் லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் என்றிருந்தது. பெயரிலேயே ராமன் இருக்கிறானே என்று விலையைப் பார்க்காமல் வாங்கி, பயபக்தியோடு ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும் என்று அதே பாட்டிலின் பின்பக்கம் எழுதியிருந்ததாம். அது சித்திரை மாசம்.

மகள் ஒரு ஆராய்ச்சியையும் தேடிக் கொடுத்தாள். இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் நடந்தது, 2020இல் வெளியானது. ஃபேட்டி லிவர்காரர்கள் 104 பேர். ஒரு பாதிக்கு நல்ல பாக்டீரியாவும் அதற்குத் தீனியாக ஒரு நார்ச்சத்தும், மறு பாதிக்கு டம்மி மருந்து. சுமார் ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்ததில் குடலின் பாக்டீரியாக் கூட்டம் மாறியது. கல்லீரல் கொழுப்பில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எல்லாக் கணக்கையும் போட்ட பிறகு, கொழுப்பு குறைந்ததோடு ஒட்டிப்போனது ஒன்றே ஒன்றுதான்: எடை குறைந்தது. சின்னச் சின்ன ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ப்ரோபயாட்டிக்கால் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி ரத்தத்தில் கொஞ்சம் இறங்குவதாகத் தெரிகிறது என்றும் சொன்னாள். நான் அதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன்.

போன வாரம் திரும்ப ரத்தம் கொடுத்தேன். எஸ்.ஜி.பி.டி. இறங்கியிருந்தது! எடையும் இரண்டு கிலோ குறைவு. "பாத்தியா, ராம்னோசஸ்!" என்று ரிப்போர்ட்டை ஆட்டினேன்.

"மூணு மாசமா லிஃப்ட் ரிப்பேர். நாம இருக்கிறது நாலாவது மாடி" என்றாள் மனைவி.

அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி நான்தான். லிஃப்டுக்கு ஏ.எம்.சி. புதுப்பிக்க மறந்தவனும் நானே.