பாறை ஏறப் போகிறவரின் வண்டி

2017 ஜூனில் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலுள்ள எல் கேப்பிடன் பாறையை, சுமார் 900 மீட்டர், கயிறே இல்லாமல் ஏறிய அலெக்ஸ் ஹானல்ட் பல ஆண்டுகள் குடியிருந்தது ஒரு பழைய ஃபோர்டு வேனில். வார இறுதி வீரர்களோ, தார்ச்சாலை போகும் அதே பள்ளத்தாக்குக்கு நான்கு சக்கர இழுவை கேட்கிறார்கள். யூட்டா மாநிலத்தின் பாறைகளுக்குப் போகும் மண்பாதைக்கு அது வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான், மணலில் புதைந்தால் கிளப்பிவிடும். ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டி ஓர் அடிகூட முன்னதாக நிற்காது. அது டயரின் வேலை. அந்த டயரோ வழுக்கையாகிக் கிடக்கும், கூரையில் மட்டும் கூடாரம், ஏணி, நாலு விளக்கு! அப்படியானால் எந்த வண்டி? எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கிற, எந்த மெக்கானிக்கும் பானெட்டைத் திறந்து முகம் சுளிக்காத பழைய வண்டிதான் நம்பகமானது. பழசு நடுவழியில் நிற்காதா? நிற்கும். ஒரு சென்சார் கோபித்துக்கொண்டால் புதுசும் நிற்கும். அதைச் சமாதானப்படுத்தக் கணினியோடு நகரத்திலிருந்து ஆள் வரவேண்டும், செலவு உங்களுடையது.