செயின் போச்சு சார்!

என் வண்டியில் டைமிங் செயின் மாற்றிய கதையைப் போன இதழில் இரண்டே வரி எழுதினேன். தாம்பரத்தைச் சுற்றியிருக்கும் தேய்ந்த செயின்கள் அத்தனையும் பதிலுக்குக் கடிதம் போட்டிருக்கின்றன. பாதிப் பேர் "பெயர் வேண்டாம், வீட்டில் வண்டிச் செலவு தெரிந்துவிடும்" என்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் ஊர் மட்டும்.

சேலையூர்: "செயின் போச்சு" என்று ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்?

"கழுத்தா, இன்ஜினா?" என்று. கழுத்துச் செயின் என்றால் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். இன்ஜின் செயின் என்றால் பறித்தவரும் அவர்தான், பறிகொடுத்தவரும் அவர்தான். ஆயில் மாற்றுவதை "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிய ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்திருப்பார்.

ராஜகீழ்ப்பாக்கம்: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், "சைக்கிளுக்குத்தானே செயின், காருக்கு எதுக்குப்பா?" என்கிறாள். என்ன சொல்வது?

பள்ளியில் கோலாட்டம் ஆடியிருப்பாள் இல்லையா? இரண்டு பேர் ஒரே இடத்துக்குக் கோலை வீசுகிறார்கள், ஆனால் தாளம் இருப்பதால் விரல் நசுங்குவதில்லை. இன்ஜினில் பிஸ்டன் கீழிருந்து மேலே வரும், வால்வு மேலிருந்து கீழே இறங்கும். பல இன்ஜின்களில் இரண்டும் வந்துபோகும் இடம் ஒன்றுதான், நேரம்தான் வேறு. பிஸ்டனோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று. இந்தத் தாளத்தைப் போடுவது செயின். அது மாட்டியிருக்கும் பல் சக்கரத்தில் ஒரு பல் தப்பினால் வண்டி திணறும். நாலைந்து பல் தப்பினால் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும்.

பெருங்களத்தூர்: கால் டாக்சி ஓட்டுகிறேன். 2013 மாடல் டிசையர் டீசல், 2,60,000 கிலோமீட்டர். வாங்கும்போது "செயினுக்கு லைஃப் டைம், தொடவே வேண்டாம்" என்றார்கள். இப்போது மெக்கானிக் மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது பொய்?

இருவருமே பொய் சொல்லவில்லை. லைஃப் டைம் என்றார்களே, யாருடைய லைஃப் என்று நீங்கள் கேட்கவில்லை! சில இன்ஜின்களில் செயினுக்குப் பதிலாக இருக்கும் பெல்ட் மாதிரி இத்தனை கிலோமீட்டரில் மாற்றியே ஆகவேண்டும் என்று கெடு வைக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள்.

உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 மல்டிஜெட். 2007ல் ஸ்விஃப்ட் டீசலோடு மாருதிக்குள் வந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, அந்தப் பக்கம் டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று ஊரையே இழுத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆக இன்று ஓடும் எந்த மாருதி மல்டிஜெட்டும் இளசு இல்லை.

கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், அண்ணே. பொங்கலுக்கு முந்தின நாள் இரும்புலியூரிலிருந்து வண்டலூர் போக ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மணி நேரம் ஏ.சி. போட்டு நின்றிருப்பீர்கள். மீட்டர் அசைந்திருக்காது. ஆனால் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தாலும் கிராங்க் 48,000 தடவை சுற்றியிருக்கும். செயினும் அத்தனைக்கும் ஈடுகொடுத்து ஓடியிருக்கும். விமான நிலையத்திலும் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலும் சவாரிக்குக் காத்திருந்த நேரத்தையும் சேர்த்தால், உங்கள் 2,60,000 வெளியூர் வண்டியின் 2,60,000 இல்லை. மெக்கானிக் பேச்சைக் கேளுங்கள்.

மாடம்பாக்கம்: இரும்பு என்ன ரப்பரா, "செயின் நீண்டுபோச்சு" என்கிறார்களே?

இரும்பு நீளவில்லை, மூட்டு தேய்கிறது. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ். நூறு கண்ணி என்று வைத்து, மூட்டுக்கு 0.02 மில்லிமீட்டர் தேய்மானம் என்று போட்டுப் பாருங்கள். மொத்தம் இரண்டு மில்லிமீட்டர் தொளதொளப்பு. நமக்கு வயதானால் மூட்டுத் தேய்ந்து உயரம் குறைகிறது, செயினுக்கு நீளம் கூடுகிறது. இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான்.

குரோம்பேட்டை: காலையில் செல்ஃப் அடித்ததும் "கர்ர்ர்" என்று இரண்டு வினாடி ஒரு சத்தம். பிறகு நின்றுவிடுகிறது. நின்றுவிடுகிறதே, விட்டுவிடலாமா?

நின்றுவிடுவதுதான் அடையாளமே!

செயினை இறுக்கிப் பிடிக்க டென்ஷனர் என்று ஒன்று உண்டு. நிறைய கார்களில் அதற்கு இன்ஜின் ஆயிலின் அழுத்தம்தான் கைபலம். ராத்திரி முழுக்க வண்டி நின்றால் ஆயில் கீழே சேம்பருக்கு இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடித்ததும் ஆயில் மேலே ஏறி டென்ஷனரைத் தள்ளுகிற வரை, தளர்ந்த செயின் கைடிலும் கவரிலும் அடிக்கும். அழுத்தம் வந்ததும் சத்தம் அடங்கும். செயின் புதிதாக இருந்தபோது அந்த இடைவெளி உங்கள் காதுக்கே எட்டியிருக்காது.

எல்லாக் கரகரப்பும் செயின் அல்ல என்பதும் உண்மை. டாப்பட் சத்தம் "டிக் டிக்" என்று சீராக இருக்கும். வெளியே இருக்கும் ஃபேன் பெல்ட் "கீச்" என்று கத்தும். சைலன்ஸருக்கு மேலே இருக்கும் தகடு லூசானால் தகரக்கடை சத்தம். செயின் சத்தம் இன்ஜினின் புல்லி இருக்கும் பக்கம், கவருக்கு உள்ளேயிருந்து வரும். பழைய மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கவரில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். நீங்கள் முயலும்போது சட்டை நுனியும் ஸ்க்ரூ டிரைவரும் ஓடுகிற பெல்ட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0016 என்று வந்தால், கிராங்க்கும் கேமும் சொல்லும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று பொருள். சில நேரம் சென்ஸார் கோளாறாகவும் இருக்கும். ஆனால் காலைச் சத்தமும் இந்தக் கோடும் சேர்ந்து வந்தால் நான் செயின் பக்கம்தான் சாய்வேன்.

ஊரப்பாக்கம்: செயின் மட்டும் மாற்றினால் போதாதா? "ஃபுல் கிட்" என்கிறார் மெக்கானிக். பர்ஸைப் பார்த்துச் சொல்கிறாரோ?

நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன். சந்தேகத்தோடு பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வலப்பக்க முன் டயரைக் கழற்றினார். இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அந்தப் பக்க மவுன்ட்டை எடுத்தார். பெல்ட், பெரிய புல்லி, ஆயில் சேம்பர், கடைசியாகக் கவர். செயின் கண்ணுக்குத் தெரியவே மதியச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

பழைய செயினையும் புதிய செயினையும் ஒரே ஸ்க்ரூ டிரைவரில் கோத்துத் தொங்கவிட்டுக் காட்டினார். பழையது ஓர் அரிசி மணி அளவு கீழே இறங்கி நின்றது. "இவ்வளவுதானா?" என்றேன். அவர் பேசாமல் பழைய செயினைப் படுக்கை வாட்டில் ஒரு முனையில் பிடித்து நீட்டினார். பந்தியில் ஆறிப்போன வாழை இலை மாதிரி துவண்டது. புதியது விறைப்பாக நின்றது. சேம்பருக்குள் விரலை விட்டு எடுத்தார். கொட்டைப்பாக்குச் சீவல் மாதிரி பழுப்புத் துண்டுகள். செயின் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் கைடு உடைந்து விழுந்தவை. ஆயில் உறிஞ்சும் சல்லடையில் இன்னும் நாலு ஒட்டியிருந்தன. அவை அடைத்து ஆயில் வராமல் போயிருந்தால் செயின் மட்டுமல்ல, இன்ஜினே போயிருக்கும்.

பல் சக்கரத்தைத் தனியாகப் பார்த்தேன். புதிய சக்கரத்தில் பல் இரண்டு பக்கமும் ஒரே சரிவு. பழையதில் ஒரு பக்கம் கொக்கி போல் வளைந்திருந்தது. அந்தக் கொக்கியில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரமே அந்த வளைவுக்குத் தேய்ந்து கொடுக்கும். ஆகவே செயின், டென்ஷனர், கைடுகள், பல் சக்கரங்கள், புல்லிக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல், புது ஆயில், ஃபில்டர். இதுதான் கிட். இதில் எதை விட்டாலும், அதற்காக மறுபடி அதே டயர், அதே மவுன்ட், அதே புல்லி, அதே லேபர். மெக்கானிக் உங்கள் பர்ஸைப் பார்த்துத்தான் சொன்னார், அதைக் காப்பாற்றுவதற்காக.

வேங்கைவாசல்: என் வண்டியில் செயினா பெல்ட்டா என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் இருக்கும்.

மாருதி 800, முதல் ஸ்விஃப்டின் 1.3 பெட்ரோல் இரண்டும் பெல்ட். கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின் வந்த ஆல்டோ கே10, பின்னாளைய ஸ்விஃப்ட் செயின். ஹூண்டாய் ஐ10ல் ஒரே பெயருக்குள் இரண்டு சாதி: 1.1 பெல்ட், 1.2 கப்பா செயின். பழைய இன்னோவா 2.5 டீசல் பெல்ட், கிறிஸ்டா செயின். நம் மறைமலை நகரில் பிறந்த ஃபிகோவின் 1.4 டீசலும் பெல்ட்தான். பக்கத்து வீட்டுக்காரர் செயின் வைத்திருக்கிறார் என்று நீங்களும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். செயின் கத்திச் சொல்லும். பெல்ட் பெரும்பாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் அறுந்துபோகும்.

பம்மல்: செயின் தேய்ந்தால் மைலேஜ் குறையுமா?

குறையும். வால்வு திறக்கும் நேரம் பின்தங்குகிறதே. வண்டி மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கினால் ஏ.சி.யை மட்டும் திட்டாதீர்கள்.

செம்பாக்கம்: பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்வது எங்கள் குடும்ப வழக்கம். தவறா?

செயின் தளர்ந்த வண்டியில் தவறு. ஆயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் திடீரென்று கிளட்சை விட்டால் வெட்டி இழுக்கும், பல் தாவக்கூடிய தருணம் அதுதான். ஜம்பர் கேபிள் ஒன்று வாங்கி வையுங்கள். குடும்பத்தை வேறு விஷயத்துக்கு ஒன்று சேருங்கள்.

முடிச்சூர்: 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது கார் மூழ்கியது. இப்போது மழைக்காலம் வந்தாலே பயம். மூழ்கிய வண்டியில் செயினுக்கு என்ன ஆகும்?

உங்கள் பக்கமும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை மறக்க முடியாது. மூழ்கிய வண்டியில் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: "ஓடுதான்னு பாக்கலாம்" என்று சாவியைத் திருகுவது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். ஆயில் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஃபில்டர் காபியில் பால் கூடின நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர். அதில் ஓடினால் செயினின் மூட்டுகளுக்கு மசகு இருக்காது. துரு வேறு உட்காரும். டோ பண்ணிக் கொண்டுபோய், ஆயிலை முழுக்க வடித்து, புதிது ஊற்றி, அதையும் சீக்கிரமே ஒருமுறை மாற்றுங்கள். மழை எச்சரிக்கை வந்த ராத்திரியே வண்டியை மேட்டில் கொண்டுபோய் விடுகிற உங்கள் தெருக்காரர்களைக் கிண்டல் செய்யாதீர்கள்.

பல்லாவரம்: வெள்ளிக்கிழமைச் சந்தையில் எதுவும் கிடைக்கும் என்கிறார்களே. டைமிங் செயின்?

அங்கே பழைய கிராமபோனிலிருந்து பூச்செடி வரை வாங்குங்கள், செயின் வேண்டாம். பழைய செயின் என்பது இன்னொருவர் தேய்த்துக் கொடுத்தது. புதுப்பேட்டையின் பழைய பார்ட்ஸ் கடைகளுக்கும் இதே பதில்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். செயின் செய்வதில் தமிழ்நாடு சளைத்ததில்லை. கோயம்புத்தூரில் எல்.ஜி.பி.யின் ரோலான், அம்பத்தூரில் டி.ஐ. டைமண்ட் செயின் என்று இரண்டு பழைய பெயர்கள் இங்கேயே உண்டு. உங்கள் இன்ஜினுக்கான பார்ட் நம்பரைச் சொல்லி, பில்லோடு வாங்குங்கள். பில் தராத கடையில் டப்பா மட்டும்தான் ஒரிஜினல்.

மேடவாக்கம்: பழைய கார் வாங்கப் போகிறேன். செயின் நிலையை எப்படி அறிவது?

காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள். முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், "நேத்துலேர்ந்து எடுக்கவே இல்லை சார்" என்று சொல்பவரிடம் வண்டி வாங்காதீர்கள். சூடான இன்ஜின் அந்த இரண்டு வினாடி ரகசியத்தைச் சொல்லாது. மீட்டரைத் திருப்பிவைக்கத் தெரிந்தவர்கள் உண்டு. குளிர்ந்த செயினின் வாயைப் பொத்தத் தெரிந்தவரை நான் இன்னும் பார்த்ததில்லை.

கூடுவாஞ்சேரி: 2,90,000 ஓடிய வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையா? விற்றுவிடலாமா?

புகை அதிகம், ஆயில் குடிக்கிறது, பாடி துரு என்றால் விற்றுவிடுங்கள். வாங்குகிறவரிடம் செயினைப் பற்றிச் சொல்லிவிட்டு விற்றால் புண்ணியம். மற்றபடி இன்ஜின் நன்றாக இழுக்கிறது, செயின் மட்டும்தான் சத்தம் என்றால் மாற்றி ஓட்டுங்கள். சத்தத்தோடு ஓட்டிப் பார்க்கலாம் என்ற மூன்றாவது வழிதான் மூன்றிலும் அதிகச் செலவு. உங்களுடையதும் மல்டிஜெட் என்றால், செயின் தாவினால் வால்வு தப்பினாலும் ராக்கர் ஆர்ம் ஒடியும், ஹெட் கவர்வரை கழற்ற வேண்டும். வால்வும் வளைந்திருந்தால் ஹெட்டே இறங்கும்.

கிழக்குத் தாம்பரம்: நாளை செயின் மாற்ற வண்டி விடுகிறேன். கூடவே நிற்கலாம் என்றிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றைக் கவனியுங்கள். கேமையும் கிராங்க்கையும் பூட்ட அந்த இன்ஜினுக்குரிய லாக்கிங் டூல் இருக்கிறதா? மார்க்கர் பேனாவால் கோடு போட்டுச் சமாளிக்கிறவரிடம் மல்டிஜெட்டைக் கொடுக்காதீர்கள். புது டென்ஷனர் ஒரு சின்னப் பின் போட்டுப் பூட்டப்பட்டு வரும். மாட்டியபின் அந்தப் பின் உருவப்பட்டு மேஜைமேல் கிடக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, சாவியைத் தொடுமுன் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் வைத்து இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது தட்டினால் கை உணர்ந்துவிடும், செல்ஃப் மோட்டார் உணராது. அந்த இரண்டு சுற்று முடிகிற வரை டீக்கடைக்குப் போகாதீர்கள்.